வயதான நாய் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பினால்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அம்மா குடியிருந்த லயத்து வீட்டில் எங்கள் பிளாக்கிக்கு 13 வயது நடந்துகொண்டிருந்தது. அலுமினியத் தட்டு சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்து நிற்பான். ஒரு நாள் வந்தான், முகர்ந்தான், என் முகத்தைப் பார்த்தான், திரும்பிப் போய்த் தண்ணீர்த் தோம்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டான். மறுநாளும் அப்படியே. “வயசாச்சுலா தம்பி, அது பாட்டுக்கு இருக்கட்டும் விடு” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மூன்றாம் நாள் காடியில் ஏற்றிச் சுங்கைப் பட்டாணிக்குக் கொண்டுபோனேன். கால்நடை மருத்துவர் அவனுடைய மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைவாய்ப் பல் ஒன்றின் வேரில் சீழ் கட்டி, ஈறு கறுத்துப் போயிருந்தது. பல்லைப் பிடுங்கிய ஆறாம் நாள் தட்டை நக்கி நக்கி வாசற்படி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தான். சிறுநீரகம் கெட்டது, பின்னங்கால்கள் தளர்ந்தன, ஒரு கண் மங்கியது. அந்த இரண்டு வருடத்தில் செய்து பார்த்ததையும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். கிழட்டு நாய் சாப்பிடாமல் இருப்பதற்கு வயதைக் காரணம் சொல்லாதீர்கள். எங்கேயோ வலிக்கிறது, அல்லது குமட்டுகிறது, அல்லது மெல்ல முடியவில்லை. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. வயதான நாய் 24 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீரையும் தொடவில்லை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறது என்றால் அன்றைக்கே. வயிறு உப்பி வெறும் ஓங்கரிப்பு, மூச்சிரைப்பு, வலிப்பு, சிறுநீர் வராமல் முக்குவது, இவற்றுக்கெல்லாம் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் வந்துபோன சில வாரங்களில் சோற்றை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் ஓயாமல் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் காப்பாற்றும்.

2. எப்படிச் சாப்பிட மறுக்கிறது என்று கவனியுங்கள். ஆசையோடு ஓடி வந்து, ஒரு வாய் எடுத்து, கீழே போட்டுவிட்டால் வாயில் வலி. ஒரு பக்கமாகவே மெல்லும், எச்சில் வடியும், தலையைச் சாய்த்துக்கொள்ளும். தட்டுவரை வந்து, முகர்ந்து, உதட்டை நக்கி, எச்சிலை விழுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டால் குமட்டல். சிறுநீரகம், கல்லீரல், கணையம் கெட்ட நாய்கள் இப்படித்தான் செய்யும். எழுந்து வரவே இல்லையென்றால் காய்ச்சலோ மூட்டுவலியோ தள்ளாமையோ இருக்கும். தட்டை அதன் படுக்கைக்கே கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே சாப்பிட்டால் பிரச்சினை வயிற்றில் இல்லை, காலில். மருத்துவரிடம் “சாப்பிட மாட்டேங்குது” என்று மட்டும் சொல்லாமல், இந்த மூன்றில் எது என்று சொல்லுங்கள். கைப்பேசியில் அரை நிமிடம் படம் பிடித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

3. தினமும் ஒரு தடவை உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறத்தில் ஈரமாக இருக்க வேண்டும். பிசுபிசுவென்று காய்ந்திருந்தால் உடம்பில் தண்ணீர் குறைவு. வெளுத்துப் போயிருந்தால் இரத்தம் குறைகிறது. மஞ்சள் பூத்திருந்தால் கல்லீரலோ எலிக் காய்ச்சலோ. எலிக் காய்ச்சல் எலியின் சிறுநீரால் பரவுவது, மனிதருக்கும் தொற்றும். அப்படிப்பட்ட நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள். ஈறு இயற்கையிலேயே கறுப்பான நாய்க்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள்.

4. உண்ணிக் காய்ச்சலை மறக்க வேண்டாம். நம் ஊர் நாய் சோற்றை விடுவதற்கு இது அடிக்கடி காணும் காரணம். காய்ச்சல், சோர்வு, வெளுத்த ஈறு, சில சமயம் மூக்கில் இரத்தம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், நேரத்தோடு பிடித்தால் மருந்தில் குணமாகும். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி தேடுவதை வாராந்தர வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. சோற்றை வெதுவெதுப்பாகக் கொடுங்கள். வயதான நாய்க்கு மோப்பம் மழுங்கிவிடும், வாசனை தெரியாத சோறு அதற்குச் சோறே இல்லை. ஆறிப்போனதை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். உங்கள் மணிக்கட்டில் ஒரு துளி வைத்தால் சுடக்கூடாது. குமட்டல் உள்ள நாய்க்கு மட்டும் சில வேளை இது நேர்மாறு: சூட்டில் எழும் வாசனையே அதை விரட்டும். அதற்கு ஆறியதைக் கொடுத்துப் பாருங்கள்.

6. கஞ்சி இப்படி: ஒரு கைப்பிடி அரிசியைக் குழையக் குழைய வேகவையுங்கள். தோலுரித்த கோழி நெஞ்சுக்கறியைத் தனியாக அவித்து நாராகப் பிய்த்துப் போடுங்கள். அவித்த பூசணித் துண்டு இரண்டை மசித்துச் சேருங்கள். கோழி அவித்த தண்ணீரில் மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு அதையும் ஊற்றிக் கலக்குங்கள். உப்பு வேண்டாம், வெங்காயம் வேண்டாம், பூண்டு வேண்டாம், மசாலாத் தூள் வேண்டாம். வீட்டுக்குச் சமைக்கும்போது தாளிப்பதற்கு முன்னால் நாயின் பங்கை எடுத்துவைத்துவிடுவதுதான் எளிய வழி. இது வயிறு சரியாகும்வரை சில நாட்களுக்கான சாப்பாடு. மாதக்கணக்கில் இதையே போட்டால் சுண்ணாம்புச் சத்தும் மற்றச் சத்துகளும் போதாமல் போகும்.

7. ஒரே வேளையில் தட்டு நிறையப் போடாதீர்கள். பகல் முழுவதும் நாலைந்து தடவை, உள்ளங்கை அளவு போதும். 20 நிமிடத்தில் சாப்பிடவில்லையென்றால் எடுத்துவிடுங்கள். நம் வெயிலில் கோழிக்கஞ்சி சீக்கிரமே புளித்துவிடும். மூக்குக்கு முன்னால் கிடந்துகொண்டே இருக்கும் சோறு குமட்டலையும் கூட்டும்.

8. தட்டு நகரக்கூடாது. பழைய ரப்பர் மிதியடி ஒன்றை அடியில் போடுங்கள். கழுத்து வலியும் முன்னங்கால் வலியும் உள்ள நாய்க்குத் தட்டை ஒரு செங்கல் உயரத்தில் வைத்தால் குனியும் சிரமம் குறையும். நெஞ்சு அகன்ற பெரிய சாதி நாய்க்கு உயரமாக வைக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள், வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் அவற்றுக்கு வரும். தட்டைக் கவனிக்காத நாய் சில நேரம் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும். பிளாக்கி கடைசி மாதங்களில் அம்மாவின் கையிலிருந்து மட்டும்தான் வாங்கினான். அம்மா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கோழி நாரைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டிக் கொடுப்பார். இடையில் அவசரப்படுத்தினால் அவன் எழுந்து போய்விடுவான்.

9. ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லி தண்ணீர் ஒரு நாய்க்கு வேண்டும். 10 கிலோ நாய்க்கு அரை லிட்டருக்குச் சற்று மேல். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்தால் கணக்குத் தெரிந்துவிடும். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடிக்கிறது என்றால் சிறுநீரகமா, நீரிழிவா என்று சோதிக்க வேண்டும். “தண்ணியா குடிச்சு வீடெல்லாம் ஒண்ணுக்குப் போவுது” என்று தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். சிறுநீரகம் கெட்ட நாய் இழக்கும் நீரை ஈடுகட்டத்தான் குடிக்கிறது. அதைத் தடுத்தால் இரண்டு மூன்று நாளில் படுத்துவிடும். வீட்டில் மூன்று இடத்தில் கிண்ணம் வையுங்கள்.

10. எந்த நோய்க்கு எந்தச் சாப்பாடு என்பதில்தான் நல்ல மனசுக்காரர்களும் தவறிவிடுகிறார்கள். சாப்பிடவில்லையே என்று கோழி ஈரலும் எலும்புக் குழம்பும் நெத்திலியும் போடுகிறோம். சிறுநீரக நோய் உள்ள நாய்க்கு ஈரலிலும் எலும்பிலும் உள்ள பாஸ்பரஸ் சுமை. இருதய நோய் உள்ளதற்கு நெத்திலி, கருவாடு, கிச்சாப்பு, டின் சார்டின் எல்லாம் உப்பு. கணையம் புண்ணான நாய்க்குத் தேங்காய்ப்பால் குழம்பு, ஆட்டுக் கொழுப்பு, கோழித்தோல், டுரியான் எல்லாம் மீண்டும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் கொழுப்பு. நீரிழிவுக்கு இன்சுலின் போடும் நாய்க்கு வேளை தவறாத சாப்பாடு முக்கியம். அது சாப்பிடாத அன்று வழக்கமான அளவு ஊசியைப் போட்டுவிடாதீர்கள், மருத்துவருக்கு உடனே போன் செய்யுங்கள்.

சிறுநீரகத்துக்கென்று கிளினிக்குகளில் தனி உணவு விற்கிறார்கள். நாய் தெளிவாக இருக்கும் நாட்களில் பழைய சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். குமட்டும் நேரத்தில் நீட்டினால் அந்த வாசனையையே வெறுத்துவிடும். அந்த உணவை அடியோடு மறுத்தால் பட்டினி போட வேண்டாம். வேறு எதைப் பாதுகாப்பாகக் கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு அதைக் கொடுங்கள். ஏதாவது சாப்பிடுவது ஒன்றுமே சாப்பிடாததைவிட மேல். தோலுக்கடியில் ஏற்றும் சலைனை வீட்டிலேயே போட மருத்துவர்கள் சொல்லித் தருவார்கள். எங்கள் வீட்டில் துணிக்கொடி ஆணியில் பையைத் தொங்கவிடுவோம். தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி ஊசியைச் செலுத்துவேன். முதுகில் ஒரு சின்ன மேடு எழும்பும், கொஞ்ச நேரத்தில் வற்றிவிடும். முதல் நாள் என் கைதான் நடுங்கியது, அவனுக்கு ஒன்றும் இல்லை. அளவை மட்டும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இருதயம் பலவீனமான நாய்க்கு அதிக நீர் ஆபத்து.

11. குமட்டலுக்கு மருந்து இருக்கிறது. மாரோபிடென்ட் என்பது நாய்களின் வாந்தியை அடக்கப் பயன்படும் மருந்து. பசியைத் தூண்டுவதற்கும் தனி மருந்துகள் உண்டு. மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ருசியாகச் சமைத்துச் சமைத்து நாம் களைத்துப்போகும் இடத்தில் ஒரு மாத்திரை வேலை செய்யும்.

12. கொடுக்கவே கூடாதவை: வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லெட், சைலிட்டால் இனிப்பு கலந்த சூயிங்கம், வேகவைத்த எலும்பு. வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உடல் எடையில் அரை விழுக்காடு அளவு ஒரே தடவை போனாலே கெடுதல் தொடங்கலாம். 10 கிலோ நாய்க்கு அது 50 கிராம், ஒரு சின்ன வெங்காயத்துக்கும் பெரிய வெங்காயத்துக்கும் இடைப்பட்ட அளவு. குழம்பில் கரைந்துபோனாலும் கெடுதல் போகாது. தீபாவளியன்று ஆட்டுக்கறிப் பிரட்டலும் பாயசத்து உலர்திராட்சையும் தட்டில் விழுவதைத் தடுக்க, வீட்டுப் பிள்ளைகளுக்கும் வருகிற விருந்தாளிகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மைலோவில் கோக்கோ இருக்கிறது, அதையும் ஊற்றாதீர்கள். ரம்புத்தான், டுரியான் கொட்டைகளைப் பொறுக்கி விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளும்.

13. நம்முடைய வலி மாத்திரை நாய்க்கு விஷம். பெனடோல் அதன் கல்லீரலையும் இரத்தத்தையும் தாக்கும். இபுபுரோபென், பொன்ஸ்டான், டைக்ளோபெனாக் வயிற்றில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூட்டுவலி பார்க்கப் பொறுக்காமல் அரை மாத்திரை கொடுத்து, மறுநாள் கறுப்பாக மலம் போன நாய்களைப் பற்றித் தோட்டத்தில் கேட்டிருக்கிறேன். நாய்க்கென்றே கார்ப்ரோபென், மெலோக்ஸிகாம் இருக்கின்றன. இரத்தம் சோதித்து, எடை பார்த்து மருத்துவர் கொடுப்பார். கோடாலித் தைலம் தேய்க்காதீர்கள், நாய் நக்கும், வயிற்றுக்குள் போகும். சொறிக்கு லோரியின் கறுப்பெண்ணெய் பூசும் பழக்கம் நம் லயங்களில் தலைமுறையாக இருக்கிறது. அதுவும் நக்கினால் நஞ்சு, தோலையும் எரிக்கும். அதை இத்தோடு விட்டுவிடுவோம்.

14. மாத்திரையைச் சோற்றுத் தட்டில் மறைக்காதீர்கள். ஒரு தடவை கசந்தால் தட்டையே சந்தேகப்படும். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் மூன்று உருண்டை பிடியுங்கள். முதலாவது வெறும் உருண்டை, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதை அது மூக்குக்கு நேரே பார்க்கும்படி கையில் வையுங்கள். மூன்றாவதன் ஆசையில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். நீரிழிவு நாய்க்குக் கிழங்குக்குப் பதில் கோழி நார்.

15. ஊசியில்லாச் சிரிஞ்சில் கஞ்சி ஊட்டுவதை மருத்துவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். கன்னத்தின் ஓரமாக, துளித் துளியாக, தலை நிமிர்த்தாமல். மல்லாக்கப் போட்டு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் வரும். வாந்தி எடுக்கும் நாய்க்கும், தலை நிற்காத நாய்க்கும் ஊட்டவே வேண்டாம்.

16. எடையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறி, கழித்துக்கொள்ளுங்கள்.

17. படுக்கை. சிமெண்டுத் தரை வெயில் காலத்தில் இதமாகத் தெரிந்தாலும் மெலிந்த நாயின் முழங்கையையும் இடுப்பெலும்பையும் புண்ணாக்கிவிடும். நாலைந்து கோணிச் சாக்கை மடித்துத் தைத்து, உள்ளே பழைய துணி திணித்து, மேலே சுலபமாகத் துவைக்கும் விரிப்பைப் போடுங்கள். அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் சிறுநீர் இறங்காது. வழுக்கும் மொசைக் தரையில் பின்னங்கால் விரிந்து விழுவதைத் தடுக்க, படுக்கையிலிருந்து தட்டுவரைக்கும் ரப்பர் பாய் ஒன்றை நீளமாக விரியுங்கள். நாய்க்கு நடைபாதை புரிந்துவிடும். நகத்தையும் வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் சறுக்கும். எழ முடியாத நாய்க்கு நீளத் துவாலையை வயிற்றுக்கடியில், பின்னங்காலுக்கு முன்னால் கொடுத்துத் தூக்கி நடத்துங்கள்.

18. ஒரே பக்கமாகப் படுத்திருக்கும் நாயை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது புரட்டுங்கள். சிறுநீர் பட்ட தொடையை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஈரம் போகத் துணியால் ஒற்றுங்கள். புண் இருந்தால் ஈ மொய்க்கும், ஒரு நாளில் புழு வைத்துவிடும். மாலையில் கைவிளக்கை வைத்துக்கொண்டு வாலடி, காது, பாதம் எல்லாம் பாருங்கள். அழுகல் வாடை வந்தால், சதைக்குள் எதுவோ நெளிந்தால் மஞ்சள் பூசிக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்குத் தூக்குங்கள்.

19. தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். விலா ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருக்க வேண்டும். 30க்கு மேல் தொடர்ந்து போனால் நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருக்கலாம், இருதய நோய் உள்ள நாய்க்கு இதுதான் முதல் மணி. இரவு இருமலையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கொசு மூலம் பரவும் இருதயப் புழு நம் நாட்டு நாய்களிடம் உண்டு. பரிசோதித்துவிட்டு மாதாமாதம் தடுப்பு மருந்து கொடுக்கலாம். இருமும் நாய்க்குப் பக்கத்தில் கொசுவத்தி கொளுத்தாமல் வலை கட்டுங்கள்.

20. ஜனவரி முதல் மார்ச் வரை கெடாவின் வறட்சி வெயில் கிழட்டு நாய்க்குக் கஷ்ட காலம். வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரிக்கு மேல் போனால் வானிலைத் துறை முதல் கட்ட எச்சரிக்கை விடுகிறது, 37க்கு மேல் இரண்டாம் கட்டம். நாயின் இயல்பான உடற்சூடு 38 முதல் 39.2 டிகிரி. 41ஐ எட்டினால் உயிருக்கே ஆபத்து. தகரக் கூரைக்கடியில் பகல் முழுக்கக் கட்டிப்போடாதீர்கள். சாப்பாட்டை விடியற்காலைக்கும் இரவுக்கும் தள்ளுங்கள், பசி அப்போதுதான் எடுக்கும். நாக்குத் தொங்கி மூச்சு வாங்கினால் வயிறு, அக்குள், பாதங்களைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து மின்விசிறியை வையுங்கள், பிறகு மருத்துவரிடம் போங்கள்.

21. நள்ளிரவில் சுவரைப் பார்த்து நிற்பதும், சுற்றிச் சுற்றி நடப்பதும், காரணமில்லாமல் ஊளையிடுவதும் மூளை தளர்வதன் அடையாளமாக இருக்கலாம். எமன் வாசலில் நிற்கிறான் என்று சொல்லி விரட்டாதீர்கள். ஒரு சின்ன விளக்கு எரியட்டும். நாற்காலி மேசையை இடம் மாற்ற வேண்டாம், கண் தெரியாத நாய்க்கு மனப்பாடம்தான் கண். காது கேளாததை எழுப்பத் தரையைத் தட்டுங்கள், அதிர்வு போய்ச் சேரும். திடீரென்று தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்மணி துடித்து, தடுமாறி விழுந்தால் பக்கவாதம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வயதான நாய்களுக்கு உள்காதுச் சமநிலை கெட்டு இப்படி வரும். பெரும்பாலும் சில நாட்களில் தெளியத் தொடங்கும். அந்த நாட்களில் குமட்டலுக்கு மருந்தும் கையால் ஊட்டலும் போதும். முதலில் மருத்துவர் பார்த்துவிட வேண்டும்.

22. தோட்டத்து அபாயங்கள். செம்பனை மரத்தடியில் எலிக்கு வைக்கும் விஷக் கட்டியைத் தின்ற நாய்க்கும், அந்த எலியைத் தின்ற நாய்க்கும் சில நாள் கழித்துத்தான் இரத்தம் கசியும். முதலில் தெரிவது சோற்றை வெறுப்பதும் வெளுத்த ஈறும். உறை கிடைத்தால் எடுத்துப் போங்கள், வைட்டமின் கே ஊசி காப்பாற்றும். களைக்கொல்லிகளில் மிகக் கொடிய பாராகுவாட் மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்ற மருந்துகள் அடிக்கும் நாளில் நாயை வீட்டில் வையுங்கள். புல் தின்று வாந்தி எடுக்கும் பழக்கமுள்ள கிழட்டு நாய்க்கு இது இன்னும் முக்கியம்.

23. வெறிநாய்த் தடுப்பூசியை வயது காட்டி விடாதீர்கள். வெறிநோய் அற்ற நாடு என்று அங்கீகாரம் பெற்ற மலேசியாவில், 2015இல் கெடா, பெர்லிஸ், பினாங்கு மூன்றிலும் நோய் திரும்ப வந்தது. வெறி பிடித்த நாயும் சாப்பிடாது, எச்சில் ஒழுகும், தாடை தொங்கும். குணம் மாறி, விழுங்க முடியாமல் திணறும் நாயின் வாய்க்குள் பல் பார்க்கக் கையை நுழைக்காமல் மருத்துவரை அழையுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, நேரே மருத்துவமனைக்குப் போங்கள். ஊராட்சியின் நாய் உரிமத்தையும் புதுப்பித்து வையுங்கள்.

24. நடக்க முடியாத நாயை வெள்ளத்தில் எப்படித் தூக்குவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்ட் 18 மாலை குனோங் ஜெராயிலிருந்து யானுக்கும் மெர்போக்குக்கும், 2022 ஜூலை 4 அன்று பாலிங்கின் கூப்பாங்குக்கும் மலைநீர் கல்லும் மரமுமாக இறங்கியபோது யோசிக்க நேரம் இருக்கவில்லை. துணி துவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு கயிறு கட்டி வையுங்கள். மருந்தும் தடுப்பூசி அட்டையும் ஒரு நீர் புகாப் பையில்.

25. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கோ அடுக்குமாடிக்கோ போகும் குடும்பங்கள் கிழட்டு நாயைப் பழைய வாசலிலேயே விட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். பழகிய இடம், யாராவது சோறு போடுவார்கள் என்று நினைக்கிறோம். யாரும் போடுவதில்லை. 2017 ஜூலை முதல் நடப்பில் உள்ள 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் உணவும் இடமும் சிகிச்சையும் தர வேண்டும் என்கிறது. தவறினால் 15,000 முதல் 75,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அதற்குப் பயந்து வேண்டாம், அது நம் வாசலைக் காத்தது என்பதற்காகக் கூட்டிப்போங்கள். புது வீட்டில் பழைய சாக்கை மட்டும் துவைக்காமல் போடுங்கள், அந்த வாசனையில் முதல் வாரமே சாப்பிடத் தொடங்கும்.

26. எப்போது போதும் என்பது. அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004இல் ஒரு கணக்கு வகுத்தார். வலி அடங்கியிருக்கிறதா, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் இன்னும் பராமரிக்கலாம். வாரம் ஒரு தடவை, வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள். என் கணக்கு எப்போதும் அம்மாவின் கணக்கைவிடக் கூடுதலாக இருந்தது, நாளெல்லாம் அவனோடு இருந்தவர் அம்மா. கடைசியில் நான் அம்மாவின் தாளைத்தான் மருத்துவரிடம் காட்டினேன். வலியில்லாமல் கண்மூட வைப்பதைப் பாவம் என்று சொல்வோர் உண்டு. தண்ணீரும் இறங்காமல் ஐந்து நாள் முனகவிடுவதுதான் எனக்குப் பெரிய பாவமாகப் படுகிறது. ஊசி போடும்போது பக்கத்தில் இருங்கள். உங்கள் கை வாசனை அதற்குத் தெரியும்.

27. புதைப்பதானால் மூன்றடிக்குக் குறையாமல் தோண்டுங்கள், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி. கடைசி ஊசி மருந்து உடலில் தங்கியிருக்கும், வேறு பிராணி கிளறித் தின்றால் அதற்கும் ஆபத்து. நகர வீட்டில் இடம் இல்லையென்றால் கிளினிக்கிலேயே ஏற்பாடு கேளுங்கள். தோட்டத்தில் காட்டுப்பன்றி கிளறும், மேலே ஒரு பெரிய கல்லை வையுங்கள். நாய்க்குக் கல் வைப்பது தமிழருக்குப் புதிதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில் நட்ட நடுகல்லில் வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. அதன் பெயரையும் வெட்டிவைத்திருக்கிறார்கள்: கோவிவன்.